ரப்பர் ஏற்றுமதியில் நாம் எங்கே நிற்கிறோம்?

(அவலாஞ்சியில் நடந்த பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நேற்று ராத்திரி செயலாளர் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, காலை டிபனுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் காலியா இருக்கு, உன் தொழிலைப் பத்தி எதாவது பேசு" என்றார். என் தொழில் ரப்பர். அவலாஞ்சியோ ரப்பர் மரம் ஒன்றுகூட வளராத ஊர். ரப்பர் மரத்துக்குக் கீழ்நாட்டு வெயிலும் மழையும் வேண்டும். இங்கே 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மழைக்குக் குறைவில்லை. வெயிலுக்குத்தான் பஞ்சம். இந்த இடத்தில் ரப்பரைப் பற்றி என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே காலையில் அணைப்பக்கம் நடந்துவிட்டு வந்தேன்.

குந்தா மின்திட்டம் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா நாட்டு உதவியோடு கட்டப்பட்டது என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். அணை என்றால் நம் கண்ணுக்குப் பெரிய சுவர் தெரியும், இரும்புக் கதவு தெரியும். அணைக் கதவு எதுவானாலும் அதன் ஓரத்தில் தண்ணீர் கசியாமல் ஒரு ரப்பர் பட்டை ஓடும். அது கண்ணுக்குத் தெரியாது. கசிய ஆரம்பித்தால்தான் "என்னடா ரப்பர் இது" என்று கேட்பார்கள். எங்கள் தொழிலின் தலையெழுத்தே அதுதான். ஒழுங்காக இருக்கும்வரை யாரும் எங்களை நினைப்பதில்லை!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டயர், பெல்ட், ஹோஸ், வளையம், கையுறை, அதிர்வுதாங்கி என்று ரப்பரில் ஆயிரம் சாமான் செய்கிறோம். குலசேகரத்திலும் கோட்டயத்திலும் தோட்டம் இருக்கிறது. வேலைக்கு ஆள் இருக்கிறார்கள். நம்மைப் போல இன்ஜினியர்கள் வருஷா வருஷம் லட்சக்கணக்கில் வெளியே வருகிறோம். ஆனாலும் வெளிநாட்டுச் சந்தையில், முக்கியமாகச் சிறு ஆலைகள், ஏன் திணறுகின்றன? இதுதான் கேள்வி.

எந்த ஆலை முதலாளியைக் கேட்டாலும் முதல் பதில் ஒன்றுதான்: "கச்சா ரப்பர் விலை கட்டுப்படியாகலை சார்." இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2023-24 ஆம் ஆண்டில் நாட்டின் இயற்கை ரப்பர் உற்பத்தி ஏறத்தாழ 8.5 லட்சம் டன். தேவையோ 14 லட்சம் டன்னைத் தாண்டியது. மீதியை இறக்குமதிதான் செய்யவேண்டும். அதற்கு 2015-இல் நிர்ணயித்த வரி 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. 2023 பட்ஜெட்டில் கலவை ரப்பருக்கும் அதே வரி வந்தது. இன்னொரு பக்கம், 2010 ஜனவரியில் அமலுக்கு வந்த ஆசியான் ஒப்பந்தத்தில் இயற்கை ரப்பருக்குச் சலுகை கிடையாது, ஆனால் ரப்பரில் செய்த பல சாமான்கள் குறைந்த வரியில் உள்ளே வரலாம். மாவுக்கு வரி கூட, தோசைக்கு வரி குறைச்சல் என்றால் இட்லிக் கடைக்காரர் என்ன செய்வார்?

ஏற்றுமதிக்கென்று வாங்கும் ரப்பருக்கு வரியில்லாமல் இறக்குமதி செய்துகொள்ளும் அட்வான்ஸ் ஆதரைசேஷன் வசதி இருக்கிறது. பெரிய கம்பெனிகளில் அதற்கென்றே ஒரு இலாகா உண்டு. பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்யும் ஆலையில் அந்த ஃபைலை யார் தூக்கிக்கொண்டு அலைவது?

அதற்காக வரியை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நாட்டின் ரப்பரில் ஏறத்தாழ 90 சதவீதம் சிறு விவசாயிகளிடமிருந்து வருகிறது. ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்கள். 2011-இல் கிலோ 240 ரூபாய் வரை விற்ற ஷீட், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. அப்போது பால் வெட்டாமலே விட்ட தோட்டங்கள் எத்தனையோ. 2024 ஆகஸ்டில் விலை மறுபடி 240-ஐத் தாண்டியபோது அழுதவர்கள் ஆலைக்காரர்கள். அவர் வயிற்றில் அடித்துத்தான் நான் ஏற்றுமதி செய்யவேண்டும் என்றால் அது என்ன ஏற்றுமதி?

இப்போது விலையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு மூன்று இடங்களைப் பார்ப்போம்.

முதலில் மலேசியா. நம் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய நாடு. இன்று அங்கே செம்பனை பெருகி, ரப்பர் தோட்டம் சுருங்கிவிட்டது. கையுறைக்கு வேண்டிய ரப்பர் பாலைப் பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து வாங்குகிறார்கள். ஆனாலும் பல பத்தாண்டுகளாக உலகத்துக்கே கையுறை மாட்டிவிட்ட நாடு அது. கச்சாப் பொருள் சொந்தத்தில் இருப்பது மட்டும் காரணம் இல்லை என்பது இதிலேயே தெரிகிறதல்லவா? 1965-இலேயே அவர்கள் எஸ்.எம்.ஆர். என்ற தர முறையைக் கொண்டுவந்தார்கள். அதுவரை ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப்பிடித்து, நிறத்தையும் குமிழியையும் கண்ணால் பார்த்துத்தான் தரம் பிரிப்பார்கள். இவர்கள் அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று ஆய்வகத்தில் அளந்து, எண்ணாகப் போட்டு, பேலோடு சேர்த்து விற்றார்கள்.

இரண்டாவது இலங்கை. அவர்களுடைய இயற்கை ரப்பர் உற்பத்தி நம்முடையதில் பத்தில் ஒரு பங்குக்குக்கூட வராது. ஆனால் ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்குப் போடும் காற்றில்லாத கெட்டி டயரில் உலக அளவில் முன்வரிசையில் நிற்கிற நாடு அது. அந்த டயருக்கு இயற்கை ரப்பர் நிறைய வேண்டும், கைப்பக்குவமும் வேண்டும். எல்லா டயரும் செய்கிறேன் என்று பறக்காமல் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். 2024 டிசம்பரில் நம் சியட் நிறுவனம் மிஷெலினிடமிருந்து காம்சோ பிராண்டின் ஒரு பிரிவை, இலங்கையில் உள்ள இரண்டு ஆலைகளோடு சேர்த்து, 22.5 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. பணம் கட்டிடத்துக்கு மட்டும் கொடுக்கவில்லை. அந்தக் கைப்பக்குவத்துக்கும், வாங்குகிறவர்களின் நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான்.

மூன்றாவது நம் ஊர். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கங்கைகொண்டான் சிப்காட். அங்கே உழவு வண்டிக்கும் மண் அள்ளும் வண்டிக்கும் டயர் செய்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புகிறார்கள். 2016-இல் ஜப்பானின் யோகோஹாமா, இந்த ஆலையை வைத்திருந்த அலையன்ஸ் குழுமத்தையே ஏறத்தாழ 118 கோடி டாலருக்கு வாங்கியது. இந்த வகை டயரில் அளவுகள் ஏராளம், ஒவ்வொரு அளவிலும் கேட்கும் எண்ணிக்கை குறைவு. தானியங்கி எந்திரத்தில் ஒரே அளவை லட்சக்கணக்கில் தள்ளும் பெரிய ஆலைகளுக்கு இது தலைவலி. நமக்கோ இதுதான் வாய்ப்பு. அடிக்கடி மோல்டு மாற்றணும், கணக்குப் பார்த்து ஓட்டணும், கை வேலையும் மூளை வேலையும் சேரணும். கரிசல் மண்ணில் நம் பிள்ளைகளால் இது முடிகிறது, நண்பர்களே.

மூன்றிலும் பொதுவாக என்ன இருக்கிறது? ஒன்று, எதைச் செய்வது என்று தேர்ந்துகொண்டது. இரண்டாவது, இன்று செய்தது போலவே நாளையும் செய்வது, அப்படிச் செய்தேன் என்பதற்குத் தாளில் அத்தாட்சி வைத்திருப்பது. இந்த இரண்டாவதில்தான் நாம் தோற்கிறோம் என்பது என் கட்சி.

வீட்டில் சோறு வடிக்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பழைய அரிசிக்கு வைக்கும் தண்ணீரைப் புது அரிசிக்கு வைத்தால் சோறு குழைந்துவிடும். அளவு அதேதான், பானை அதேதான், அடுப்பு அதேதான். ஆனால் அரிசி வேறு. ரப்பரும் அப்படித்தான். மரத்துப் பால்தானே? மழைக்காலத்து ஷீட் வேறு, கோடைக்காலத்து ஷீட் வேறு. அதில் கரிப்பொடி, கந்தகம், துத்தநாக ஆக்சைடு, ஆக்ஸிலரேட்டர் எல்லாம் சேர்த்து மில்லில் அரைத்துக் காம்பவுண்ட் ஆக்குகிறோம். சூடான மோல்டில் வைத்து அழுத்தினால் கந்தகம் ரப்பர் இழைகளைக் குறுக்கே கட்டிப்போடும். வேகவேண்டிய நேரம் ஒவ்வொரு காம்பவுண்டுக்கும் வேறு. அதைச் சொல்லுவதற்கு ரியோமீட்டர் என்று ஒரு கருவி. ஒரு நெல்லிக்காய் அளவு காம்பவுண்டை உள்ளே வைத்தால் சில நிமிஷங்களில் ஒரு வளைகோடு வரைந்து கொடுக்கும். எத்தனை நிமிஷத்தில் வேக ஆரம்பிக்கிறது, எப்போது முழுசாக வேகிறது என்று அந்தக் கோடு பேசும்.

அந்தக் கோட்டைப் பற்றி ஒரு கதை சொல்லவேண்டும். என் கதைதான். இதுவரை எங்கேயும் சொன்னதில்லை. பேராசிரியர்கள் மன்னிக்கவேண்டும்.

கல்லூரி முடித்து மூன்று வருஷம் ஆனபோது, 2013-இல், மதுரைப் பக்கம் ஒரு சின்ன ஆலையில் தரக் கட்டுப்பாடு என் பொறுப்பு. ஆலையின் பெயர் வேண்டாம். எந்திரத்துக்கு அடியில் வைக்கும் அதிர்வுதாங்கி, இரும்புத் தகட்டோடு ரப்பரை ஒட்டிச் செய்வது, ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தது. முதல் இரண்டு தவணை நன்றாகப் போனது. மூன்றாவது தவணை நேரம் ஐப்பசி அடைமழை. வழக்கமாக ஷீட் தருகிறவரிடம் சரக்கு இல்லை, வேறு வியாபாரியிடம் வாங்கினோம். சரியாகக் காயாத ஷீட். கையில் எடுத்தபோதே எனக்குச் சந்தேகம்தான். எங்களிடம் ரியோமீட்டர் கிடையாது. வெளியே கொடுத்துப் பார்க்க நாலு நாள் ஆகும். கப்பலுக்கு இருந்ததும் நாலே நாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? போன தவணையின் எண்களை எடுத்து இந்தத் தவணையின் சர்டிபிகேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. முதலாளிக்குத் தெரியவே தெரியாது. "வழக்கமா வர்ற நம்பர்தானே" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ரப்பர் சரியாக வேகாமல், எந்திரத்தின் பாரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. சிலதில் தகட்டைவிட்டு ரப்பர் உரிந்து வந்துவிட்டது. கடிதத்தில் ஒரு திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. ஒரே ஒரு கேள்வி: இந்தத் தவணையின் ரியோமீட்டர் வரைகோட்டை அனுப்ப முடியுமா? அவ்வளவுதான். அவர்கள் முதலில் கேட்டது பணம் இல்லை, ஒரு தாள். அந்தத் தாள் என்னிடம் இல்லை.

முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "தம்பி, நாலு நாள் லேட்டாகும்னு சொல்லியிருந்தா அவன் ரெண்டு வார்த்தை வஞ்சிருப்பான். அம்புட்டுத்தான்." வேலையைவிட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

ஆர்டர் போனது. ராத்திரி ஷிப்ட் நின்றது. மோல்டிலிருந்து வரும் சாமானின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தரிக்க அந்த ஷிப்டில் பதினாலு பெண்கள் இருந்தார்கள். கடைசி நாள் சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு அவர்களில் மூத்த அக்கா ஒருவர் என்னிடம் வந்து கேட்டார்: "நாங்க வெட்டுனதுல எதும் குறையா சார்? அதுக்குத்தான் திருப்பி அனுப்பிட்டாகளா?"

"இல்லக்கா" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர்கள் வெட்டு ஒன்றுகூடத் தப்பில்லை. தப்பு என் கையெழுத்தில். பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. இன்றும் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் அந்த அக்கா எதிரில் நிற்கிறார்.

இது என் ஒருவன் தப்பு மட்டும்தான் என்றால் இவ்வளவு பேருக்கு முன்னால் சொல்லவேண்டியதில்லை. தொழிலில் பதினைந்து வருஷமாகப் பார்க்கிறேன். "வழக்கமா வர்ற நம்பர்தானே" என்ற வார்த்தை பல ஆலைகளில் உண்டு. உள்ளூரில் வாங்குகிறவர் தாளைப் புரட்டிப் பார்ப்பதில்லை, நாமும் எழுதிப் பழகிவிட்டோம்.

கேள்வி கேட்காத வாடிக்கையாளர் நமக்கு நல்லவர் போலத் தெரியும். இந்த மலையைச் சுற்றிப் பாருங்கள், எங்கே திரும்பினாலும் தேயிலை. ஒரு காலத்தில் இந்த நீலகிரித் தேயிலையை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனது சோவியத் யூனியன். விற்பனை நிச்சயம் என்றிருந்ததால் கொழுந்து முற்றியிருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் பறித்த காலமும் இருந்தது. 1991-இல் அந்த நாடே உடைந்தது. 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது இங்குள்ள சிறு விவசாயிகள் பட்ட பாட்டைக் குந்தாப் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்லுவார்கள். தரம் என்பதை அவசரத்தில் கற்றுக்கொள்ள முடியாது. ஒரே வாடிக்கையாளரை நம்பி இருப்பதும் ஆபத்து. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சாமான்கள் பலவற்றின்மீது வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது இந்தப் பாடம் மறுபடி ஞாபகத்துக்கு வந்தது. வரி போடுகிறவரை நாம் தடுக்க முடியாது. நாலு நாட்டில் நம்மை நம்பி வாங்குகிற மாதிரி இருந்தால் ஒரு கதவு மூடினாலும் தாங்கலாம்.

இனிமேல் கேட்கப்போகும் தாள்கள் இன்னும் கூடுதல். 2020-இல் உலகின் மிகப் பெரிய கையுறை நிறுவனமான மலேசியாவின் டாப் க்ளவின் சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை நிறுத்தியது. கையுறையில் ஓட்டை என்று அல்ல, தொழிலாளர்களை நடத்திய விதத்துக்காக. 2021 செப்டம்பரில்தான் தடை முழுசாக நீங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு சட்டம் போட்டது. இயற்கை ரப்பரில் செய்த டயரோ வளையமோ அங்கே போகவேண்டும் என்றால், அந்தப் பால் எந்த நிலத்து மரத்திலிருந்து வந்தது, அது காட்டை அழித்த நிலம் இல்லை என்று காட்டவேண்டும். அமலாகும் தேதியை ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போட்டார்கள். ஆனால் போகும் திசை தெரிகிறது. குலசேகரத்து ஒரு ஏக்கர்க்காரரின் தோட்டம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பது வரை எழுத்தில் இருக்கவேண்டும். எழுதும் பழக்கம் இல்லாதவர்களுக்கு இது தடைச்சுவர். பழக்கம் உள்ளவர்களுக்கு இதே சுவர்தான் பாதுகாப்பு, ஏனென்றால் விலையை மட்டும் குறைத்து உள்ளே நுழைகிறவனை இது நிறுத்திவிடும்.

சரி, நாம் என்ன செய்யலாம்? அரசாங்கத்துக்கு மனுப்போடுவது ஒரு வழி, அதைச் சங்கங்கள் செய்துகொண்டுதான் இருக்கின்றன. நம் அளவுக்கு ஒன்று சொல்கிறேன். நம் கல்லூரியைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன ரப்பர் ஆலைகளில் ரியோமீட்டர் இல்லை. ஒரு ஆலை தனியாக வாங்கினால் பல லட்சம் முடங்கும், வருஷத்தில் பாதி நாள் சும்மா கிடக்கும். நம் கல்லூரி ஆய்வகத்தில் ஒன்று வாங்கி வைத்தால் என்ன? கூடவே கடினம் பார்க்கும் கருவி, அழுத்தி வைத்துச் சோதிக்க ஒரு சூட்டடுப்பு. காலையில் காம்பவுண்டைக் கொண்டுவந்து கொடுத்தால் மத்தியானம் கோடு கையில். கருவியை ஓட்டுவது மூன்றாம் ஆண்டு மாணவர்கள், மேற்பார்வை ஆசிரியர்கள். பராமரிப்புக்கு ஒரு சிறு கட்டணம். முறையான அங்கீகாரத்துக்குப் பிறகு விண்ணப்பிக்கலாம், முதலில் அந்த நாலு நாளை ஒரு நாளாக்குவோம்.

மாணவனுக்கும் இதில் லாபம் உண்டு. வந்த எண்ணை வந்தபடி எழுதவேண்டும் என்பதை அவன் அங்கேயே கற்றுக்கொள்வான். நான் படித்தபோது ஆய்வக ரெக்கார்டு நோட்டில் பக்கத்து பெஞ்சு நண்பனின் அளவீடுகளைப் பார்த்து எழுதியிருக்கிறேன். அவன் இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு அது விளையாட்டு. மதுரையில் நான் செய்ததற்கு முதல் பயிற்சி அங்கேதான் நடந்தது.

இந்தக் கருவிக்காக என் ஒரு மாதச் சம்பளத்தைப் பொருளாளர் அண்ணனிடம் இன்று காலையிலேயே காசோலையாகக் கொடுத்துவிட்டேன். பேசிவிட்டுக் கொடுத்தால் மனசு மாறிவிடும் என்று என் வீட்டுக்காரம்மாதான் முன்னாலேயே கொடுக்கச் சொன்னார்! மற்றவர்கள் முடிந்ததைச் செய்யுங்கள். பணம் முடியாதவர்கள் வருஷத்தில் ரெண்டு நாள் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆலை வைத்திருப்பவர்கள் முதல் சாம்பிளைக் கொண்டுவாருங்கள்.

நம் பெண்கள் வெட்டும் வெட்டில் குறையில்லை. நம் விவசாயி இறக்கும் பாலில் குறையில்லை. படித்தவன் போடும் கையெழுத்தும் அதே மாதிரி இருந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும் என்று நம்புகிறேன்.

சமையல்கட்டிலிருந்து சாம்பார் வாசனை வருகிறது. இனி நான் பேசினால் யாரும் கேட்கமாட்டீர்கள்.